குடை இருந்த இடம்

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை:
படக்கதைகள் வாயிலாகச் சிறாருக்கு
நட்பின் மேன்மையைக் கற்பித்து
மாத இறுதிக்குள் அறிக்கை அனுப்புக.
கூடவே ஒரு படிவம்.
அதில் நான்காம் கட்டம்:
'நட்பை உணர்ந்தோர் எண்ணிக்கை.'

புதுவயல் கிளை நூலகம்,
சனிக்கிழமை பதினொரு மணி.
பிள்ளைகளுக்கு முன்னமே
அவித்த நெல்லின் வாடை வந்து உட்கார்ந்திருந்தது.
மில் புகைபோக்கியின் கரித்தூள்
பக்கத்தில் விழ விழ ஊதிவிட்டு
நாரை ஆமைக் கதையை வாசித்தேன்.

கதை இவ்வளவுதான்.
மழை. ஒரே குடை.
குடை நாரையின் பிடியில்.
நாரை நெட்டை, ஆமை தரையோடு தரை,
சாரலோ சாய்த்து அடிக்கிறது.
இருந்தாலும் அவர்கள் நண்பர்கள்.
பக்கத்தைப் புரட்டினால் முற்றும்.

'இதுலேர்ந்து என்ன தெரியுது?'
'நட்ட்டுப்பு' என்றன பதினாறு வாய்கள்,
வாய்ப்பாடு சொல்லும் அதே இழுவையில்.

பதினேழாவது வாய் சம்பா.
அவள் அப்பா பலாங்கீரிலிருந்து வந்து
மில் களத்தில் நெல் தள்ளுகிறார்.
பெயரைக் கேட்ட அன்றைக்கே
'பச்சரிசியா, புழுங்கலா?' என்று
பிள்ளைகள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள்.
'சம்பா நாப்பது மூட்டை!' என்று
லாரியடியில் யாராவது கத்தினால்
இவள் திரும்பிப் பார்ப்பாள்.

அன்று ஆமையின் மேல் விரல் வைத்து
'பிஜுச்சி' என்றாள்.
அவள் பாஷையில் ஆமை போலும்.
தலையாட்டி வைத்தேன்.

நட்பு முடிந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.
நாரைப் பக்கம் உமையாள் இழுக்க
ஆமைப் பக்கம் சம்பா இழுக்க
சர்ரென்றது.
ஆளுக்கொரு பாதி கையில்.
குடைத்துணியில் உள்ளங்கையளவு
இருவருக்கும் இல்லாமல் தரையில்.

நான் திட்டவில்லை.
பொய். திட்டினேன்.
ஒருத்திக்குத்தான் புரிந்தது,
அழுதது இரண்டு பேரும்.
செலோடேப்பின் நுனியை நகத்தால் கிளப்பிக் கொடுத்துவிட்டு
உறுப்பினர் அட்டைகளை அடுக்கப் போய்விட்டேன்.

ஒட்டி எடுத்து வந்தார்கள்.
மழைக்கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை.
குடைத்துண்டு அதன் இடத்தில் இல்லை,
எங்கேயோ கீழே,
ஆமை முதுகுக்கு மேலே கிடந்தது.
இருந்த இடத்தில் ஓட்டை.
அதன் வழியே அடுத்த பக்கத்து முற்றும்
'மு' மட்டும் காட்டி எட்டிப் பார்த்தது.

'தப்பா ஒட்டியிருக்கீங்களே,
பிரிச்சு ஒட்டட்டுமா?'
இரண்டு பேரும் புத்தகத்தின் மேல்
குப்புற விழுந்து
என் கையைத் தடுத்தார்கள்.

அப்புறம் வாராவாரம் அதே புத்தகம்.
டேப் பிரிந்துவிடுமென்று
நாரையை ஒருத்தியும் ஆமையை ஒருத்தியும்
தாங்கிப் பிடித்தபடி படித்தார்கள்.
என்ன படித்தார்கள் என்று கேட்காதீர்கள்.
இருந்ததே ஏழு வரி,
அதில் சம்பாவுக்கு ஒரு வரியும் தெரியாது.

மாற்றுப் பிரதி வர இரண்டு மாதம் ஆனது.
மடிப்புக் கலையாமல், மை வாசனையோடு,
மழைக்கோடுகள் நேர் நேராக.
'பாருங்க, புதுசு' என்று விரித்து வைத்தேன்.

உமையாள் முகம் சுருங்கிப் போனது.
ஆமையைத் தொட்டுக் காட்டி
'பிஜுச்சி, சார்' என்றாள்.
எனக்கு அது விளங்காதென்று தெரிந்தவள்போல்
பக்கத்திலிருந்து சம்பா
பொறுமையாகச் சொன்னாள்:
'நனையுது.'

நான்காம் கட்டம் காலியாக இருப்பதாக
மூன்றாம் நினைவூட்டல் வந்திருக்கிறது.
பழைய பிரதி காணவில்லை என்று எழுதி
நாற்பத்தைந்து ரூபாய் கட்டிய ரசீது
என்னிடம் இருக்கிறது.
அதை இணைத்து அனுப்பினால்
ஏற்பார்களா, தெரியவில்லை.